பாடு நாளில் நின்ற கப்பல்

சலங்குப் படகுக்காரர்களுக்குத் தண்டலாக, அதாவது தலைவனாக, இருப்பவனுக்குத் தொண்டை பெரிதாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு முன்னால் தண்டலாக இருந்தவர் கரையில் நின்று கூப்பிட்டால் அலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கும். நான் பேசினால் எதிரே நிற்பவனே "இன்னா?" என்று காதைக் கொடுப்பான். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் காது சூடாகிவிடும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனை ஏன் தண்டலாக்கினார்கள் என்றால், ஊரில் யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. சண்டை போடவும் வாய் வேண்டுமே. சின்ன வயதில் கொஞ்ச காலம் மணலில் எழுதிப் படித்திருந்ததால் துணிப்பொதியின்மேல் இருக்கும் குறியை வாசிப்பேன். ஒல்லாந்துக்காரர்களின் கோட்டைக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது, அலையும் அடிக்கும். ஒல்லாந்துக்காரர்களின் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டையின் சரக்குக் கிட்டங்கியிலிருந்து வரும் பொதிகளை அலை தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோவதும், கப்பலிலிருந்து பீப்பாயும் பெட்டியும் இறக்கி வருவதும் எங்கள் சலங்குகள்தான். சலங்கில் ஆணி இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்போம். அலை தூக்கி அடித்தால் ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு சலங்கிலும் ஒரே வீட்டு ஆட்கள், அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன் என்று, துடுப்புத் தண்டு வலிப்பார்கள். ஒரு வீட்டு ஆட்களுக்கு மூச்சு ஒன்றாக வரும் என்பது எங்களிடம் ஒரு நம்பிக்கை. கப்பல் இல்லாத நாளில் எல்லோரும் ஏரியிலும் கடலிலும் வலை போடுகிறவர்கள்தான்.

கப்பல் நிற்கும் நாளில், காலையில் எல்லோரும் மணலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். தண்டல் எழுந்து போய் முதல் சலங்கின் மூக்கில் கை வைத்தால் அன்றைக்கு வேலை. வைக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். முந்தைய தண்டல் கை வைப்பதற்கு முன்னும் கத்துவார், பின்னும் கத்துவார். ஆட்களும் திருப்பிக் கத்துவார்கள். "இந்த அலையில எவன் போவான்? நீ போய்யா!" என்று ஒருவனாவது சொல்லாமல் இருந்ததில்லை. நான் தண்டலானபின் அந்தச் சத்தம் நின்றுபோனது. நான் ஒன்றும் சொல்லாததால் அவர்களுக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஓர் ஆண்டு போன பிறகுதான் கவனித்தேன். யாரும் கடலைப் பார்ப்பதில்லை. மணலில் உட்கார்ந்து என் முதுகைப் பார்க்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அலையைப் பார்க்க என் இரண்டு கண்கள்தான் மிச்சம்.

அன்றிலிருந்து எனக்கு அலுப்பு. உடம்பு அலுப்பு என்றால் படுத்தால் போய்விடும். இது படுத்தால் கூடியது. வாசலில் எப்போதும் ஆள். ஒருவனுக்குத் தன் சலங்கு முதலில் போக வேண்டும். இன்னொருவனுக்குத் தன் தம்பியோடு மனஸ்தாபம், வேறு சலங்குக்கு மாற வேண்டும். ஒருத்தி புருஷனுக்காக ஒரு கூடைக் கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். வாங்கிக்கொள்ளவும் எனக்கு வெட்கம், திருப்பிக் கொடுக்கவும் வெட்கம். என் மனைவிதான் கூடையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"எட்த்துக்கினு போம்மா. இத்தத் துன்னுட்டு இந்த மனுஷன் தூங்க மாட்டாரு. என்னையும் தூங்க வுட மாட்டாரு."

அந்த ஆண்டு புரட்டாசி முடியும் சமயத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. வழக்கமாக அந்தச் சமயத்தில் கப்பல்கள் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். ஐப்பசி மழையும் காற்றும் தொடங்கிவிட்டால் எங்கள் கரையில் எந்தக் கப்பலும் நிற்காது. இது எங்கேயோ தாமதப்பட்டு வந்தது. கிட்டங்கியில் துணிப்பொதிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன.

கப்பல் வந்ததற்கு மறுநாள் எங்களுக்குப் பாடு நாள்.

பாடு என்றால் முறை. மழை தொடங்கி முகத்துவாரம் திறந்தால் ஏரிக்குள் இறால் ஏறும். இறால் வரும் நல்ல இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, மண்டைதான் உடையும். அதனால் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவுசெய்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிப்பி, அதன்மேல் அந்த வீட்டுக் குறி. வலை கட்டும் வயதில் இருக்கும் ஆண் ஒருவன் அன்று காலையில், சீட்டு எடுக்கும் நேரத்தில் வந்து தன் கையால் சிப்பியைப் பானைக்குள் போட வேண்டும். கிழவரோ பெண்ணோ போடக் கூடாது. எடுப்பவர் எங்கள் ஏரிப்பாட்டில் பங்கில்லாதவராக இருக்க வேண்டும். சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர் வருவார். சிப்பி போடாத வீட்டுக்கு அந்த ஆண்டு ஏரியில் முறை கிடையாது. கப்பல் வேலை வரும், வராது. வீட்டுக்குச் சோறு என்பது ஏரிதான்.

கப்பல் வந்த அன்று மத்தியானம் கோட்டையிலிருந்து துபாஷி எங்கள் ஊருக்கு வந்தார். துரைகளின் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சைத் துரைகளுக்கும் மாற்றிச் சொல்பவர் அவர். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் கேட்பதையும் கீழே இருப்பவர்கள் தர முடிந்ததையும் சேர்த்துக் கட்ட வேண்டிய வேலை அவருக்கு. அதிலேயே அவர் தலையும் நரைத்துவிட்டது. என் வீட்டு நிழலில் உட்கார்ந்து வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கப்பலப் பாத்தியா தண்டல்?"

"பாத்தேங்க."

"நாளைக்கே பொதி ஏறணும். அதுக்கப்புறம் காத்து திரும்பிடும்னு மாலுமி சொல்றான். அவன் பாயை விரிச்சிட்டான்னா அடுத்த கப்பல் தை மாசம்."

"நாளைக்குப் பாடு நாளுங்க."

"தெரியும். தெரிஞ்சிதான வந்தேன்." என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "உன் ஆளுங்க உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டானுங்க. பழைய தண்டல் ஒரு சலங்க தள்ள அரை நாளு கத்துவான். நீ வாயே திறக்கறதில்ல. கோட்டையில பெரிய துரைக்கே அது ஆச்சரியம். நாளைக்கும் நீ வாயத் திறக்க வேணாம். ஒரு பொய் சொல்ல வேணாம். காலையில போயி சலங்குல கை வை. அவ்ளோதான்."

"அவுங்க இன்னா நெனைச்சிக்குவாங்க?"

"ஊர்ப் பெரியவங்களாண்ட நீ பேசி, பாட்ட வேற நாளுக்குத் தள்ளி வச்சிட்டேனு நெனைச்சிக்குவாங்க. நீயா சொன்னே? இல்லியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற பயத்தில், "யோசிக்கணுங்க" என்றேன்.

"யோசி. தெற்க காட்டுப்பள்ளிப் பக்கம் சலங்கு ஆளுங்க கீறாங்கனு கோட்டையில ஒரு பேச்சு. நான் சொல்லல. பேசிக்கிறாங்க." எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்தார். "உன் மருமவன் எப்டி கீறான்?"

என் மகளின் கணவன் வலை பின்னிக்கொண்டு கொல்லையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வலிப்பு. கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. கடலில் ஒருமுறை வந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு அவனை எந்தச் சலங்கிலும் ஏற்றுவதில்லை. மருமகன் என்பதால் நானும் யாரையும் கேட்கவில்லை. அவன் சொந்த ஊர் வேறு, அங்கே அவனுக்கு ஆளில்லை. எங்களோடுதான் இருந்தான்.

"கிட்டங்கில பொதி அடுக்க, குறி பாக்க ஓர் ஆள் வேணும். நெழல்ல வேலை. தரையில வேலை. அவன அனுப்பு. நாளை வேலைக்குப் பதிலானு நான் சொல்லல, தப்பா எடுத்துக்காத. எப்பவோ கேக்கணும்னு இருந்தேன்."

அவர் போன பிறகு என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் நான் பல மாதங்களாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நைனா, அவரு போவட்டுமா கிட்டங்கிக்கு?"

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா? நீ கை வச்சா போதும்னு துபாஷி ஐயாவே சொல்றாரு."

"அதாம்மா பேஜாரு" என்றேன்.

அன்று மாலை நான் ஊர்ப் பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். போவதற்கு முன் சொல்ல வேண்டியதை ஏரிக்கரையில் தனியாக நடந்து சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே போனதும் பாதி மறந்துவிட்டது. பாடு நாளை ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"தண்டல் வாயத் திறந்துட்டான்டா. இன்னிக்கே மழை வந்துரும்" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் யோசிக்காமல் பதில் சொல்லவில்லை. பக்கத்து ஊர்கள் இரண்டிலும் நாளைக்குத்தான் பாடு. மூன்று ஊர் முறையும் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. நாங்கள் ஒரு நாள் தள்ளினால் அவர்கள் முறை குலையும், பிறகு தை வரைக்கும் வழக்குதான். சுண்ணாம்புக்குளத்து ஆள் ஏற்கெனவே வந்துவிட்டார், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடியாதப்பா" என்றார் பெரியவர். "கப்பல் உனக்கு மாமியார் மாதிரி, எப்ப வேணா வரும். ஏரி பொண்டாட்டி."

சரி என்று வந்துவிட்டேன். முடியாது என்றால் முடியாதுதான். அவர்கள் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டம். ஒரு பக்கம் தப்பாக இருந்தால் இந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். கப்பல் வேலையைக் காட்டுப்பள்ளி ஆட்களிடம் விட்டால் எங்கள் ஊர் சலங்குகள் மணலில் காயும். பாட்டை விட்டால் ஓர் ஆண்டு வயிறு காயும். நான் சலங்கில் கை வைத்தால், ஆட்கள் பாட்டை விட்டுவிட்டோம் என்று தெரியாமலே விட்டுவிடுவார்கள். என்னை நம்பி, தண்டு வலித்துக்கொண்டே.

காலையில் கடல் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. போக முடியாத அலை இல்லை. ஆட்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பாடு நாள் என்பது அவர்களுக்குத் தெரியும். கப்பலும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்டல் ஏதோ செய்து வைத்திருப்பான் என்ற நிம்மதி எல்லா முகத்திலும். துபாஷி கொஞ்சம் தள்ளிப் பொதிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் சலங்கின் பக்கம் போகவில்லை. ஆட்களுக்கு முன்னால் போய் நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். காது சூடானது.

"ஒரு சேதி" என்றேன்.

"இன்னா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். "கேக்கல தண்டலே."

"முன்னாடி வந்து குந்துங்களேன்டா" என்றான் என் பங்காளி. என் சித்தப்பா மகன் அவன். நான் தண்டலானது அவனுக்குப் பிடிக்காது என்பதை மறைத்ததில்லை. "அவன் பேசறான்னா யாரோ செத்துட்டான்."

எல்லோரும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். நான் சொன்னேன். கப்பல் நாளைக்குப் போய்விடும். பொதி இன்றைக்கே ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போகலாம் என்று கோட்டையில் பேச்சு. நிஜமா, மிரட்டலா, எனக்குத் தெரியாது. பெரியவர்களிடம் நாள் தள்ளக் கேட்டேன். முடியாது என்றார்கள். இன்றைக்குச் சலங்கு ஏறும் வீட்டுக்கு ஏரியில் முறை இருக்காது.

இதுவரை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மிச்சத்தைச் சொல்லாவிட்டால் சொன்னதும் பாதிப் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "ஒண்ணும் சொல்லாம கை வைனு துபாஷி ஐயா என்னக் கேட்டாரு. என் மருமவனுக்குக் கிட்டங்கில வேலை தர்றேன்னும் சொன்னாரு. அதையும் தெரிஞ்சிக்கங்க. இப்ப நான் எது சொன்னாலும், அதுக்காவத்தான் சொல்றேனோன்னு உங்களுக்கு சந்தேகம் வரணும். அதனால நீங்க சொல்லுங்க."

பொதிகளுக்குப் பக்கத்தில் துபாஷி கப்பலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். எல்லோரும் என்மேல்தான் கத்தினார்கள்.

"நாங்க சொல்றதுன்னா நீ இன்னாத்துக்குத் தண்டலு?"

"கை வை, இல்ல வைக்காத. நடுவுல இன்னா இது கதாகாலட்சேபம்?"

மூத்தவர் ஒருவர் எழுந்து என் அருகே வந்து, நயமாகவே சொன்னார். "தம்பி, வழக்கம் இன்னா? நீ கை வைப்பே. நாங்க வருவோம். தப்பாப் போச்சின்னா உன்னத் திட்டுவோம். அது எங்களுக்கும் நல்லது. இப்ப நாங்களே முடிவு பண்ணி, நாங்களே கெட்டா, யாரத் திட்டறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னது நிஜம். அதனால்தான் என்னைத் தண்டலாக்கினார்கள் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"என்னயே திட்டுங்க மாமா" என்றேன். "ஆனா தெரிஞ்சி திட்டுங்க."

கத்தல் தொடர்ந்தது. கத்தலுக்குள் கணக்கும் தொடங்கியது. எவன் வீட்டில் தண்டு வலிக்கும் வயதில் எத்தனை ஆண்கள் என்று ஒருவரை ஒருவர் விரல் நீட்டிச் சொன்னார்கள். வழியைக் கண்டுபிடித்தவன் என் பங்காளிதான். நல்ல எண்ணத்தில் சொன்னான் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் கேலி செய்யத்தான் சொன்னான்.

"ஒரு வூட்டுல ரெண்டு ஆம்பள இருந்தா, ஒருத்தன் சிப்பி போடப் போ, ஒருத்தன் சலங்குல ஏறு. ஒத்த ஆளு வூட்டுக்காரன் பாட்டுக்குப் போ. ஆனா இவனோட தம்பியும் அவனோட அண்ணனும் ஒரே சலங்குல குந்துவானுங்களாடா? பொண்ணு கட்டின சண்டையில மூணு வருஷமா மூஞ்சி பாக்காதவனுங்க. அலைக்கு நடுவுல ஒருத்தன ஒருத்தன் தள்ளி வுட்டுருவானுங்க!"

கேலியாகச் சொன்னாலும் சொன்ன பிறகு எல்லோரும் கத்தலை விட்டு அதை யோசிக்கத் தொடங்கினார்கள். வேறு வீட்டு ஆட்களோடு கலந்து தண்டு வலிப்பது எங்களிடம் கேள்விப்படாதது. ஆனால் செய்ய முடியாதது என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வீடாக முடிவு செய்தார்கள். சில அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வந்தது. இருவருக்கும் பாட்டுக்குப் போகத்தான் ஆசை. ஒரு வீட்டார் மொத்தமாகப் பாட்டுக்கே போனார்கள். போனவர்களை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்தால் அவர்கள் காலைப் பிடித்து இழுப்பதுபோல் ஆகிவிடும்.

கடைசியில் பாதிச் சலங்குகளுக்கு ஆள் சேர்ந்தது. கலந்த ஆட்கள். முதல் சலங்கில் சுக்கான் துடுப்பைப் பிடிக்க எல்லோருக்கும் பொதுவான ஒருவன் வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானே ஏறினேன். என் வீட்டில் வலை கட்டும் ஆண் நான் ஒருவன்தான்; பங்காளிக்குத் தனி வீடு, தனிச் சிப்பி. மருமகன் வேற்றூரான், அவன் சிப்பி போட முடியாது. அதை மணலில் நிற்கும்போதே அறிந்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் மனம் இளகி முடிவு மாறும். மருமகன் வேலையைச் சொல்லாமல் விடுவது எப்படிச் சரியில்லையோ, அதுபோல் இதைச் சொல்வதும் சரியில்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் அதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

அன்றைக்கு நாங்கள் தண்டு வலித்ததைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கப்பலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏலேலோ பாட்டு வேறு. ஒருவன் இழுக்கும்போது இன்னொருவன் தள்ளினான்.

"உங்க வூட்டுல இப்டித்தான் பாடுவீங்களா? ஒப்பாரி மாதிரி கீது!"

"உங்க அண்ணன் பொண்ணு பாக்க வந்தப்போ இதான் பாடுனோம். அன்னிக்கு நல்லாருந்துதா?"

முதல் பயணத்தில் ஒரு பொதி நனைந்தது. இரண்டாவது பயணத்தில் யாருடைய பாட்டும் வேண்டாம் என்று வெறும் எண்ணிக்கை சொல்லி வலித்தார்கள். மூன்று ஆண்டு முகம் பார்க்காத இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, முகம் பார்க்காமலேதான் வலித்தார்கள், ஆனால் ஒழுங்காக. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் என் பங்காளி திடீரென்று தண்டை நிறுத்தினான்.

"யோவ். உன் சிப்பிய யாரு போட்டது?"

"தண்ட இழு" என்றேன்.

"யாருய்யா போட்டது?"

"அலை வருது. இழு."

இழுத்தான். கரைக்கு வரும்வரை அவன் ஒரு கேலியும் பேசவில்லை. எனக்கு அது அவன் கேலியைவிடச் சங்கடமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு கடல் நிறம் மாறியது. பொதிகளில் பாதி ஏறியிருந்தது. "இன்னும் ஒரு நடை, ஒரே நடை" என்றார் துபாஷி. ஆட்களும் தயார்தான். புதிய ஆட்களோடு வலிக்கத் தெரிந்துகொண்ட உற்சாகம் அவர்களுக்கு. நான் அலையைப் பார்த்தேன், பிறகு மணலில் உட்கார்ந்தேன். தண்டல் உட்கார்ந்தால் சலங்கு போகாது. இதற்கு நான் காரணம் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. எதைக் கேட்டுச் செய்வது, எதைக் கேட்காமல் செய்வது என்று யாராவது எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உயிர் போகிற காரியத்தில் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். சற்று நேரத்தில் காற்று ஏறியது. துபாஷி தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாதி ஏறிடுச்சி" என்றேன்.

"பாதி ஏத்தினவன்னு உன்னயும் சொல்லுவாங்க, என்னயும் சொல்லுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நேத்து நான் சொன்னத எல்லார் முன்னாடியும் போட்டு ஒடச்சிட்டியே தண்டல். என்னயும் எதிர்ல வச்சிக்கினே."

"நீங்க இல்லாதப்ப சொன்னா அது கோளுங்க."

அவர் கொஞ்சம் சிரித்தார். கிட்டங்கி வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இனி அந்த வேலையை மருமகனுக்குக் கொடுத்தால், கைமாறு என்று ஊரே சொல்லும். அவராலும் கொடுக்க முடியாது. சில நாட்களில் வேறொருவன் அங்கே பொதி அடுக்கிக்கொண்டிருந்தான். சலங்கு வேலை காட்டுப்பள்ளிக்குப் போகவில்லை. அது எங்கள் பாதிப் பொதியாலா, இல்லை அது வெறும் பேச்சுதானா என்பது இன்றுவரை தெரியாது.

என் வீட்டுச் சிப்பி பானையில் விழாத விஷயம் அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டே. நம்ம வூட்டு சிப்பி எங்க?"

"மாடத்துல கீது."

"அங்கியே இருக்கட்டும். பொட்டு வச்சி பூ வைக்கிறேன்."

மறுநாள் காலை என் பங்காளி முன்னால் நிற்க, ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். எல்லோருமாகப் போய்ப் பெரியவர்களிடம் தண்டலின் சிப்பியையும் சேர்க்கச் சொல்லப் போகிறார்களாம். "இத்தினி பேரு போயி நின்னா மாட்டேன்னு சொல்லிருவாங்களா?" என்றான். சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. இன்றைக்குக் கூட்டத்தோடு போய்த் தண்டலுக்கு முறையை வளைத்தால், நாளைக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த எவனும் வளைக்கலாம். ஒற்றை ஆள் வீட்டுக்காரனுக்கு அந்த முறை ஒன்றுதான் பாதுகாப்பு. இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "வேணாம், போங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளுக்குள் அவர்கள் என் பேச்சைக் கேட்காமல் போவார்கள் என்று ஓர் ஆசை இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடனே கேட்டார்கள். "தண்டல் சொன்னா சரிதான்" என்று கலைந்து போனார்கள்.

மழை வந்தது, முகத்துவாரம் திறந்தது, இறால் ஏறியது. மற்ற வீடுகள் முறைப்படி வலை கட்டின. கட்டாதவர்களுக்கு ஏரியில் ஒரே வழி, கையால் தடவிப் பிடிப்பது. ஏரியோரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் பிழைப்பு; அதற்குச் சீட்டும் முறையும் கிடையாது. பனையோலையில் முடைந்த பறிக் கூடையைக் கழுத்தில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் மண்டி போட்டபடி நகர வேண்டும். விரலில் இறால் துள்ளுவது தெரிந்ததும் அமுக்கிப் பறியில் போட வேண்டும். நண்டாக இருந்தால் விரல் போகும். கற்றுக்கொடுத்தவர்கள் முதலில் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள். "சலங்குத் தண்டலு எங்களாட்டம் தவழுறாரு பாரு" என்றாள் ஒருத்தி. வாயில் கயிறு இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். முட்டி இரண்டும் போய்விட்டன.

கப்பல் வரும் காலங்களில் கரைக்குப் போனேன். ஆனால் அந்தக் காலைகள் பழையபடி இல்லை. ஆட்கள் உட்கார்வதற்கு முன்பே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இன்றைக்கு அலை எப்படி, எந்தச் சலங்கு முதலில், அது ஏன் முதலில், துபாஷி என்ன சொன்னார், அதற்கு நான் என்ன சொன்னேன். தினமும் நான் பேச வேண்டியிருந்தது. பேசினால் எதிர்த்துப் பேசினார்கள். "அந்த அலை நாலாவதா பெரிசா வருது, நீ பாக்கல" என்று சின்னப் பையனான ஒரு தண்டுக்காரன்கூட என்னைத் திருத்தினான். அவன் சொன்னது சரி. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் அலுப்புத்தான், ஆனால் கடலை இப்போது நான் ஒருவன் மட்டும் பார்ப்பதில்லை.

மருமகன் சில நாளில் தானும் ஏரிக்கு வருகிறேன் என்றான். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் வலிப்பு வந்தால் முழங்கால் தண்ணீரும் போதும். என் பக்கத்திலேயே இருந்தால் வரலாம் என்றேன். இருவரும் தோள் உரசத் தவழ்ந்தோம். அவன் விரல்கள் என்னுடையதைவிடச் சுறுசுறுப்பானவை. அவன் பறி எப்போதும் என் பறிக்கு முன் நிறைந்தது. ஒருமுறை அவனுக்கு வலிப்பு வந்தது. கண் சொருகுவதைப் பார்த்து, பல்லிலிருந்த கயிற்றை உருவி, தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு அது அடங்கும்வரை சேற்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த பெண்கள் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்த இறால் எல்லாம் பறியோடு மிதந்து போனது.

என் மகள் அதுவரை என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கேழ்வரகுக் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். அவள் கணவன் தூரத்தில் மற்றவர்களோடு பறியை அலசிக்கொண்டிருந்தான். எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ பேசாம கை வச்சிருந்தா, அவுருக்கு அந்த வேலை கெடைச்சிருக்குமா?"

கிடைத்திருக்காது, துபாஷி வெறும் வாய்ப்பேச்சாகச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆறுதலாகவும் இருந்திருக்கும். நான் சொன்னால் நம்புகிறவர்களில் அவள்தான் முதல் ஆள்.

"கெடைச்சிருக்கும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பானையில் மிச்சமிருந்த கஞ்சியைக் கலக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள். "அவுருக்கும் வச்சிடு. ரெண்டு பேரும் ஒண்ணாவே போயி ஒண்ணாவே வாங்க."

நான் கலயத்தை நீட்டினேன்.